கல்லடைப்பு நோவும் அதைத் தணிக்கும் மருந்தும்

பங்குனி பிறந்து வெய்யில் முற்றத் தொடங்கியதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் விலாவைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடி வருவோர் அதிகரிப்பதை யாவரும் கண்டிருக்கலாம். நாள் முழுதும் வயலில் குனிந்து நின்றவரும், உலைக்களத்தின் அனலில் வேலை செய்தவரும், தாகத்திற்கு ஒரு செம்பு தண்ணீரை மாத்திரம் குடித்துவிட்டு வியர்வையாகப் பத்துச் செம்பை இழந்தவரும் இவர்களில் அடங்குவர். சரீரத்தில் நீர் குறையவே சிறுநீர் கெட்டிப்பட்டு, அதில் கரைந்திருக்கும் உப்புக்கள் மணல்போல் படிந்து கல்லாக இறுகுகின்றன. இதனையே நம் முன்னோர் கல்லடைப்பு என்றனர்.

பயிர்த்தொழிலுக்காக ஏற்பட்ட இப்பத்திரிகையில் மனிதர் நோவைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்நோய் உழுகிறவனுக்கும் உண்டு, உழுகிற எருதுக்கும் உண்டு. இருவருக்கும் போடப்படும் நோவடக்கி மருந்தும் ஏறக்குறைய ஒரே வகுப்பைச் சேர்ந்தது. மனிதனுக்காக வாங்கிய மருந்தை மாட்டுக்கும் ஏற்றிவிடும் வழக்கத்தால் நம் நாடு ஒரு பெரும் நஷ்டத்தையும் அடைந்திருக்கின்றது. ஆகையால் இம்மருந்து சரீரத்தினுள் என்ன வேலை செய்கின்றது என்பதை விவசாயிகளும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஓரளவாவது தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் நோவு உண்டாகும் விதத்தைப் பார்ப்போம். சிறுநீரகம் என்பது கிராமங்களில் குண்டிக்காய் என்று சொல்லப்படும் உறுப்பு. இரத்தத்தை வடித்து அழுக்கை நீரோடு பிரித்து, மெல்லிய குழாயொன்றின் வழியாக மூத்திரப்பைக்கு அனுப்புவது அதன் தொழில். கல் சிறுநீரகத்துக்குள்ளேயே கிடக்கும்வரை பெரும்பாலும் உபத்திரவம் இல்லை. அது நகர்ந்து குழாயில் சிக்கும்போதுதான் பிராண வேதனை ஆரம்பிக்கின்றது. நோவு முதுகுப்புற விலாவில் தொடங்கி, அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். குமட்டலும் வாந்தியும் கூட வரும். நோயாளி ஓரிடத்தில் படுக்கமாட்டாமல் புரளுவார். குடல் புண்ணால் வயிறு வெந்தவர் அசையாமல் சுருண்டு கிடப்பார். கல்லடைப்புக்காரர் அசையாமல் இருக்கவே முடியாது. இவ்வொரு பேதத்தைக் கொண்டே அனுபவமுள்ள வைத்தியர்கள் பாதி நிர்ணயம் செய்துவிடுவர்.

இதை நமக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தால் விளக்கலாம். செம்பரம்பாக்கம் போன்ற ஓர் ஏரியின் மதகிலிருந்து வாய்க்கால் ஒன்று பிரிகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் நடுவில் ஒரு மண்கட்டி விழுந்து அடைத்துக்கொண்டது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கண்ட நீர்க்கட்டி, அடைப்பு எங்கேயென்று பாராமல், மதகை இன்னும் உயரத் தூக்குகிறான். விளைவு என்ன? அடைப்புக்கு மேலே நீர் பெருகிக் கரையை முட்டுகின்றது. சிறுநீரகத்திலும் இதேதான் நடக்கின்றது. குழாய் அடைபட்டவுடன் சிறுநீரகம் தானே புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. அப்பொருள் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளங்களை விரித்துவிடுகின்றது. அதிக இரத்தம் வந்து அதிக நீர் வடிகின்றது. வடிந்த நீருக்கு வெளியேற வழியில்லாமையால் உள்ளே அமுக்கம் ஏறுகின்றது. அதே பொருள் குழாயை வீங்கவும் இறுகி இழுக்கவும் செய்கின்றது. அமுக்கமும் வீக்கமும் இழுப்பும் சேர்ந்ததே அந்தப் பொறுக்கமுடியாத நோவு.

ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி வான் ஆய்லர் 1930-ம் வருஷங்களில் இப்பொருளுக்குப் பெயரிட்டார். ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் இதன் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்பதை இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவர் 1971-ம் வருஷத்தில் நிரூபித்து, 1982-ல் நோபல் பரிசு பெற்றார். டைக்ளோபெனாக், கீட்டோரோலாக், இண்டோமெதசின், இபுபுரோபென், மெலாக்சிகாம் யாவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. இவற்றில் அபினின் அம்சம் கிடையாது. கல்லடைப்பில் இவை மதகை இறக்குகிற வேலையைச் செய்கின்றன. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகின்றது, வடியும் நீர் குறைகின்றது, உள்ளமுக்கம் தணிகின்றது, குழாயின் வீக்கமும் வாடுகின்றது. கல் கரைவதில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆயினும் நோவின் வேரிலேயே கைவைப்பதால் குணம் தெரிகின்றது.

அபினிலிருந்து எடுக்கும் மார்பின் முதலியவற்றின் போக்கு வேறு. அவை கரை உடைவதை நிறுத்துவதில்லை. உடைகின்ற சப்தம் வீட்டுக்காரன் காதில் விழாமல் செய்கின்றன. மூளை நோவை உணர்வது மங்குகின்றது. முன்னமேயே குமட்டலால் தவிக்கும் நோயாளிக்கு இவை வாந்தியை இன்னும் அதிகப்படுத்துவதுமுண்டு. கடும் நோவுக்குக் கடும் மருந்தாகிய மார்பினே மேலானது என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்திருந்தது. அதைச் சோதித்த ஆராய்ச்சிகளில் பெரியது கத்தார் தேசத்துத் தோஹா நகரிலுள்ள ஹமத் பொது வைத்தியசாலையில் நடத்தப்பட்டு 2016-ல் வெளிவந்தது. நம்மவர் பலர் பிழைப்புக்காகச் சென்று வெய்யிலில் பாடுபடும் தேசம் அது. அங்கே கல்லடைப்பு நோவோடு வந்த 1,645 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 75 மில்லிகிராம் டைக்ளோபெனாக்கைச் சதையிலும், ஒரு பிரிவுக்கு மார்பினை நாளத்திலும், மற்றொன்றுக்கு 1 கிராம் பாரசிட்டமாலை நாளத்திலும் ஏற்றினர். அரைமணி நேரத்தில் நோவு பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தவர்கள், டைக்ளோபெனாக் பிரிவில் நூற்றுக்கு 68 பேர், பாரசிட்டமால் பிரிவில் 66 பேர், மார்பின் பிரிவில் 61 பேர். மலிவான ஊசி ஒன்று, காவலோடு வைத்திருக்கவேண்டிய மார்பினுக்குக் குறையாமல், சற்று மிஞ்சியே நின்றது. மார்பின் கைவசம் இல்லாத சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்நோவுக்குத் தக்க பரிகாரம் உண்டு என்பது இதனால் நாம் அறியவேண்டிய சங்கதி.

இவ்வளவு நன்மையுள்ள மருந்தைப் பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்குவதுபோல் வாங்கி விழுங்கலாகாது. மதகு உதாரணத்துக்கே மறுபடியும் வருவோம். ஏரி நிரம்பியிருக்கையில் மதகை இறக்குவதால் கேடில்லை. ஏரி வற்றி, சேற்றுநீர் மாத்திரம் மிஞ்சியிருக்கையில் இறக்கினால் பயிர் கருகிவிடும். வெய்யிலில் வேலை செய்து சரீரம் வறண்ட மனிதனுடைய சிறுநீரகம், புராஸ்டாகிளாண்டின் நாளத்தை விரித்துப் பிடித்திருப்பதனாலேயே உயிர்த்திருக்கின்றது. அந்தச் சமயத்தில் இம்மருந்து உள்ளே போனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதாமல் அது செயலற்றுப் போகக்கூடும். முதுகுவலிக்கென்று தினந்தோறும் காலையில் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு நாற்று நடவுக்குப் புறப்படுவோரை நமது கிராமங்களில் காண்கிறோம். இவ்வழக்கம் மிகவும் கெடுதலானது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திர தேசத்து உத்தானம் பிரதேசத்திலும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களுக்கே சிறுநீரகம் பழுதாகும் வியாதி பரவியிருக்கின்றது. அதற்கு உஷ்ணம், நீர் வறட்சி, குடிநீரின் தன்மை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. நோவடக்கி மாத்திரைகளும் அந்த ஆராய்ச்சிப் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன.

ஒரே சிறுநீரகம் உள்ளவர், முன்பே சிறுநீரகம் கெட்டவர், வயிற்றில் புண்ணுள்ளவர், இருதய நோயாளி, இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மருந்து சாப்பிடும் முதியோர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோருக்கு வைத்தியர் பார்க்காமல் இவ்வகுப்பு மருந்து எதுவும் ஆகாது. நோவோடு குளிர்சுரமும் கண்டால், அடைபட்ட நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் நோவடக்கியைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பது உயிருக்கே அபாயம். உடனே 108 வண்டியை அழைத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும் அவ்வாறே.

நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு முதலியவற்றைக் குறித்துப் பலரும் கேட்கின்றனர். இவற்றை நீரில் இட்டுக் காய்ச்சிக் குடிப்பதில் ஒரு லாபம் நிச்சயமாக உண்டு. அந்தச் சாக்கிலாவது மனிதன் தண்ணீர் குடிக்கிறான். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும் இயல்புடையவை. ஆதலால் கஷாயத்துக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இயற்கைக்குச் சேரவேண்டியது. நோவு இல்லாத நாட்களில் தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியுமளவுக்கு நீர் பருகுவதே மீண்டும் கல் வராமலிருக்கச் சிறந்த வழி. நோவு உச்சத்திலிருக்கும்போது குடம் குடமாகக் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பது மாத்திரம் தவறு. அது அடைபட்ட வாய்க்காலில் மேலும் நீரை விடுவதே ஆகும்.

கல்லடைப்பு வேறு, நீர்க்கடுப்பு வேறு. சிறுநீர் கழிக்கையில் எரிச்சலுக்காகக் கொடுக்கப்படும் பினாசோபிரிடின் என்னும் மாத்திரை சாய வகையைச் சேர்ந்தது. அது சிறுநீரோடு கலந்து சென்று குழாயின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யும். சிறுநீர் செம்மஞ்சளாக மாறுவதைக் கண்டு இரத்தம் போகிறதென்று பயப்படவேண்டியதில்லை. அது கிருமியைக் கொல்லாது; இரண்டு நாளைக்கு மேல் அதை நம்பியிருப்பதும் சரியன்று.

இனிக் கால்நடைகளின் விஷயத்துக்கு வருவோம். பசுவுக்கும் கல் உண்டாகலாம். ஆனால் அதன் நீர்த்தாரை அகன்றதும் நேரானதுமாக இருப்பதால் கல் தங்குவது அரிது. காளை, எருது, கிடாய் ஆகியவற்றின் நீர்த்தாரையோ நீண்டு ஒடுங்கி, நடுவே பாம்பு நெளிவதுபோல் இரண்டு மடிப்பாக வளைந்திருக்கின்றது. கல் பெரும்பாலும் அந்த வளைவிலேயே சிக்கும். ஆட்டுக்கிடாய்க்குத் தாரையின் நுனியில் புழுப்போன்ற ஒரு முனை உண்டு, அதிலும் சிக்கும். மிக இளங்கன்றாக இருக்கும்போதே காயடித்துவிட்டால் தாரை விரிய அவகாசமில்லாமல் ஒடுங்கியே நின்றுவிடும் என்பது கால்நடை வைத்தியர்களின் அபிப்பிராயம். சிக்கனத்துக்காகத் தவிட்டையும் தானியத்தையும் மாத்திரமே மிகுதியாகக் கொடுத்து வளர்ப்பதும் ஒரு காரணம். அவற்றில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணச்சத்து குறைவு. பசுந்தீவனமும் உலர்புல்லும் குறைய, உப்பும் தண்ணீரும் போதாமற் போக, மிஞ்சிய பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கல்லாகின்றது. பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கங்களில் மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகிவிட்டபடியால், கட்டுத்தறியிலேயே மாடு வளர்ப்போர் பெருகியிருக்கின்றனர். கட்டுத்தறி மாடு எஜமானன் வைக்கும் வாளித் தண்ணீரையே நம்பியிருக்கின்றது என்பதை அவர்கள் மறக்கலாகாது.

நோய் கண்ட எருது அடிக்கடி முதுகை வளைத்து முக்கும். வாலை ஏற்றி இறக்கி அசைக்கும். பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். படுக்கும், உடனே எழும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக விழும், அல்லது விழவே விழாது. தாரை நுனியிலுள்ள மயிரில் மணல் ஒட்டியிருப்பதைச் சில சமயம் கையால் நெருடியே அறியலாம். மலம் சிக்கிக்கொண்டது என்று எண்ணிப் பலர் எண்ணெய் புகட்டுகின்றனர்; சூடு போடுவோரும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அந்தச் சூட்டினால் கல் நகரப்போவதில்லை. வாயற்ற பிராணிக்கு நோவு ஒன்றுக்கு இரண்டாவதே மிச்சம்.

இவ்விடத்தில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரண்டு மூன்று நாள் முக்கித் தவித்த எருது திடீரென்று அமைதியாகிவிடும். உதைப்பது நிற்கும். எஜமானன் மருந்து பலித்துவிட்டது என்று மகிழ்ச்சியடைந்து, மருந்து கொடுத்தவனுக்கு வெகுமானமும் செய்வான். உண்மையில் நடந்தது மூத்திரப்பை வெடித்ததே. அமுக்கம் போய்விட்டபடியால் நோவு நின்றது. சிறுநீர் வயிற்றுக்குள் பரவி, இரண்டொரு நாளில் இரண்டு பக்கமும் வயிறு தொங்கலாகப் பருத்து, தீனியை வெறுத்து, பிராணி விஷமேறி மடியும். ஆகையால் கல்லடைத்த மாட்டில் நோவு அடங்குவதைக் குணத்தின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. சிறுநீர் தாரையாக விழுவதொன்றே அடையாளம். நோவடக்கி ஊசி ஒன்றைத் தானே போட்டுவிட்டு, மாடு சாந்தமாயிற்று என்று காத்திருப்பவன், அறுவைச் சிகிச்சைக்கு உரிய நேரத்தைப் பாழாக்கிவிடுகிறான். மனிதனிடத்தில் சிறு கல் தானே வழுகிவிடும் என்று பொறுத்திருக்க இடமுண்டு. எருதினிடத்தில் முழு அடைப்பு ஏற்பட்டபின் பொறுத்திருக்க இடமே இல்லை.

அறிகுறி கண்ட அன்றே 1962 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வந்து சேரும். வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய கன்றையும் கிடாயையும் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். 1903-ம் வருஷத்தில் ஏற்பட்ட அக்கல்லூரி நமது வட்டாரத்துக்குத் தொலைவுமன்று. மூத்திரப்பையில் குழாயொன்றை வைத்துச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, கல் கரைவதற்கு நவச்சார உப்பை உள்ளுக்குக் கொடுத்துச் சில நாள் பராமரிக்கும் முறையால் பல பிராணிகள் பிழைக்கின்றன. நோவுக்கு அங்கே மெலாக்சிகாம் கொடுப்பர். அதையும், பிராணியின் வறட்சியை நாளத்தில் நீரேற்றி நீக்கியபிறகே கொடுப்பர். காரணம் மேலே சொன்னதே. வறண்ட ஏரியில் மதகை இறக்கலாகாது.

மெலாக்சிகாம் என்று சொல்லி டைக்ளோபெனாக் என்று சொல்லாததற்குத் தனிக் காரணமுண்டு. 1990-ம் வருஷங்களில் நமது தேசத்தில் மாட்டு நோவுகளுக்கெல்லாம் டைக்ளோபெனாக் தாராளமாகப் போடப்பட்டது. அம்மாடு இறந்தால் பிணத்தைப் பாறுகள் தின்றன. மாட்டைப் பெரிதும் பாதிக்காத சிறிதளவு மருந்தே பாறின் சிறுநீரகத்தைச் செயலற்றதாக்கிற்று. கழியவேண்டிய யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பைப்போல் குடல்களின்மேல் படிந்து, பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் நூற்றுக்கு 99.9 பங்கு அழிந்தது. காரணம் இம்மருந்தே என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-ல் வெளிப்படுத்தியது. 2006-ல் கால்நடைகளுக்கு அதை உபயோகிப்பது நம் தேசத்தில் தடுக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்கு வந்து அன்னம் உண்டுபோன இரண்டு கழுகுகளைப் பெரியோர்கள் நினைவுகூரலாம். அவை வேறு இனம். அவை வராமற் போனதை இம்மருந்தின் தலையிலேயே ஏற்றுவது நியாயமாகாது. ஆனாலும் பிணந்தின்னும் பறவைகள் வானத்தில் வட்டமிடுவது நமது கிராமங்களில் இல்லாமற் போனது அனைவருக்கும் பிரத்தியட்சம். தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மாத்திரம் அவை சிறு தொகையாக எஞ்சியிருக்கின்றன.

தடை வந்தபின்னும் மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றும் தந்திரம் நடந்தது. மாட்டுக்கு அதிக அளவு தேவையாதலால், பெரிய புட்டி கிடைப்பதே அதற்கு வசதியாயிருந்தது. அதனை ஒடுக்க, மனிதருக்கான டைக்ளோபெனாக் ஊசிமருந்தை 3 மில்லிலிட்டருக்கு மேற்படாத ஒற்றை வேளைப் புட்டியிலேயே விற்கவேண்டுமென்று 2015-ல் மத்திய அரசு விதித்தது. மருந்துக் கம்பெனிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2017-ல் விதியையே உறுதிப்படுத்தியது. 2023-ல் கீட்டோபுரோபென், அசெக்லோபெனாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடுக்கப்பட்டன. மெலாக்சிகாமும் டால்பெனாமிக் அமிலமும் பாறுகளுக்குத் தீங்கற்றவை என்று சோதனையில் தெரிந்தவை. விலையிலும் மெலாக்சிகாம் எட்டாததன்று.

ஆகவே, மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் எஜமானனுடைய உரிமை. புட்டியை வாங்கிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருந்து ஏற்றியபின் சில நாட்களுக்குள் இறந்த மாட்டை ஏரிக்கரையிலோ கூவத்தின் ஓரத்திலோ எறிந்துவிடாமல், ஆழமான குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கும்படி கிராம நிர்வாக அலுவலர்கள் வற்புறுத்தவேண்டும். கிராமத்துக் கடைகளில் வைத்தியர் சீட்டின்றி நோவடக்கி ஊசிமருந்து விற்கப்படுவது அவர்கள் கவனத்துக்கு வருமானால், அதை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிக்கலாம். எருது வைத்திருப்போர் இக்கோடையில் வைக்கோலோடு பசுந்தீவனம் சேர்த்து, தவிட்டைக் குறைத்து, சிறிது உப்புக் கலந்து, நாளொன்றுக்கு மூன்று முறையாவது தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி வரவும். வயலுக்குப் போகும் ஆட்களுக்கும் கூலியோடு ஒரு பானைத் தண்ணீரை வரப்பு நிழலில் வைத்துவிடுவது நல்லது.